ஸ்டீவ் ரெட்கிரேவ்

சர் ஸ்டீவ் ரெட்கிரேவ் (பிறப்பு: மார்ச் 23, 1962) இங்கிலாந்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற துடுப்புப் படகோட்ட வீரர் ஆவார். 1984 முதல் 2000 வரை நடைபெற்ற ஐந்து ஒலிம்பிக் போட்டிகளிலும் தொடர்ந்து தங்கப் பதக்கம் வென்றவர். தாங்குதிறனை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகளில் இவ்வாறு ஐந்து ஒலிம்பிக்குகளில் தொடர்ச்சியாகத் தங்கம் வென்ற முதல் வீரர் இவரே. இவற்றுடன் ஓர் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கத்தையும், உலகச் சாம்பியன் போட்டிகளில் ஒன்பது தங்கப் பதக்கங்களையும், பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் மூன்று தங்கப் பதக்கங்களையும் வென்றுள்ளார்.

ஐந்து தங்கங்கள் என்ற எண்ணிக்கையே இவரைப் பற்றிப் பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அந்த ஐந்தையும் இவர் ஒரே படகிலோ, ஒரே துணையுடனோ, ஒரே உடல்நிலையிலோ வெல்லவில்லை. முதல் தங்கத்தின்போது இவர் 22 வயது இளைஞர். ஐந்தாம் தங்கத்தின்போது 38 வயதானவர். பெருங்குடல் அழற்சி நோயும் நீரிழிவு நோயும் உடையவர். நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொண்டு பயிற்சி செய்தவர். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் படகு, துணைவர், பயிற்சியாளர், உணவு, மருத்துவம் ஆகிய அனைத்தையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டதே இவர் நீண்ட காலம் நிலைத்து நின்றதற்குக் காரணம் எனலாம்.

பிறப்பும் இளமையும்

ரெட்கிரேவ் இங்கிலாந்தின் பக்கிங்காம்சயர் மாவட்டத்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள மார்லோ என்ற சிறு நகரைச் சேர்ந்தவர். தந்தை கட்டடம் கட்டும் தொழில் செய்தவர். தாய் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர். பிரித்தானியாவில் துடுப்புப் படகோட்டம் நெடுங்காலமாக வசதி படைத்தோர் பயிலும் தனியார் பள்ளிகளோடும், ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகங்களோடும் இணைத்துப் பார்க்கப்பட்ட விளையாட்டு. ரெட்கிரேவ் அந்தப் பின்னணியிலிருந்து வரவில்லை. உள்ளூர் அரசுப் பள்ளியான கிரேட் மார்லோ பள்ளியில் படித்தார்.

இவருக்கு எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் இடர்ப்பாடு தரும் 'டிஸ்லெக்சியா' என்னும் கற்றல் குறைபாடு இருந்தது. அதனால் பாடங்களில் பின்தங்கினார். அப்பள்ளியின் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்மித் துடுப்புப் படகோட்டத்தில் ஆர்வம் உடையவர். உயரமும் பெரிய கைகளும் கால்களும் கொண்ட மாணவர்களை அவர் ஆற்றுக்கு அழைத்துச் சென்றார். அவர்களுள் ரெட்கிரேவும் ஒருவர். அப்போது ஆண்டு 1976. ரெட்கிரேவுக்கு வயது 14. வகுப்பறையில் தடுமாறிய மாணவருக்கு ஆற்றில் தன்னம்பிக்கை கிடைத்தது. 16 வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு முழு மூச்சாகப் படகோட்டத்தில் இறங்கினார். மார்லோ படகோட்டக் கழகமே இவருடைய தாய்க்கழகம்.

துடுப்புப் படகோட்டம்: ஓர் அறிமுகம்

ரெட்கிரேவின் சாதனையைப் புரிந்துகொள்ள இவ்விளையாட்டின் சில அடிப்படைகளை அறிந்திருப்பது உதவும்.

ஒலிம்பிக் துடுப்புப் படகோட்டம் நேரான நீர்த்தடத்தில் 2000 மீட்டர் தொலைவுக்கு நடக்கும். இறுதிப் போட்டியில் ஆறு படகுகள் தனித்தனித் தடங்களில் போட்டியிடும். வீரர்கள் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பர். அதனால் முன்னணியில் செல்பவருக்குப் பின்னால் வருபவர்களைப் பார்க்க முடியும். பின்தங்கியவருக்கு முன்னால் செல்பவர் தெரியமாட்டார்.

படகுகளை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு வீரரும் இரு கைகளிலும் இரு துடுப்புகளைப் பிடித்து வலிப்பது ஒரு வகை. ஒவ்வொருவரும் ஒரே நீண்ட துடுப்பை இரு கைகளாலும் பிடித்து வலிப்பது மற்றொரு வகை. ரெட்கிரேவ் ஒலிம்பிக் பதக்கங்கள் அனைத்தையும் இரண்டாம் வகையில் வென்றார். சில படகுகளில் 'காக்ஸ்' எனப்படும் வழிநடத்துநர் ஒருவர் துடுப்பு வலிக்காமல் அமர்ந்து, சுக்கானைத் திருப்பி, வீரர்களுக்குக் கட்டளையிடுவார். வழிநடத்துநர் இல்லாத படகில் வீரர்களுள் ஒருவரின் காலணியோடு சுக்கான் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அவர் துடுப்பு வலித்துக்கொண்டே பாதத்தைத் திருப்பிப் படகைச் செலுத்த வேண்டும்.

துடுப்பு வலிப்பது கைகளின் வேலை என்று பார்வையாளருக்குத் தோன்றும். உண்மையில் விசையின் பெரும்பகுதி கால்களிலிருந்தே வருகிறது. இருக்கை தண்டவாளம் போன்ற தடத்தில் முன்னும் பின்னும் உருளும். வீரர் முழங்காலை மடக்கி முன்னே வந்து, துடுப்பை நீரில் இறக்கி, கால்களால் உந்தி, பின் முதுகையும் கைகளையும் பயன்படுத்தி வலியை முடிப்பார். ஓட்டம் ஆறு நிமிடங்களைச் சுற்றி முடிந்துவிடும். குறுந்தொலைவு ஓட்டத்தின் வெடிப்பாற்றலும் நெடுந்தொலைவு ஓட்டத்தின் தாங்குதிறனும் ஒருங்கே தேவைப்படும் நேரம் இது. தசைகளில் அமிலம் சேர்ந்து எரிச்சல் உண்டாகும் நிலையிலேயே போட்டியின் பிற்பாதி முழுவதையும் கடக்க வேண்டும்.

இருவர் படகில் வலப்பக்கம் ஒருவரும் இடப்பக்கம் ஒருவரும் துடுப்புப் பிடிப்பர். ஒருவர் சற்று அதிகமாக வலித்தாலும் படகு திரும்பிவிடும். போட்டிக்கான இருவர் படகின் குறைந்தபட்ச எடை 27 கிலோகிராம் மட்டுமே. அதில் அமரும் ரெட்கிரேவ் போன்ற ஒரு வீரரின் எடையோ 100 கிலோகிராமை ஒட்டியது. எனவே வலிமை மட்டும் போதாது. இருவரின் நேரமும் அசைவும் ஒன்றுபட வேண்டும். நல்ல துணை அமைவது இவ்விளையாட்டில் பாதி வெற்றிக்குச் சமம்.

தொடக்க காலம்

ரெட்கிரேவ் தொடக்கத்தில் தனியொருவர் படகில் உலகச் சாம்பியனாக வேண்டும் என்றே விரும்பினார். மார்லோவுக்கு அருகில், அதே தேம்ஸ் ஆற்றில் நடைபெறும் புகழ்பெற்ற ஹென்லி அரச படகுப் போட்டியில், தனியொருவருக்கான 'டைமண்ட் ஸ்கல்ஸ்' கோப்பையை 1983, 1985 ஆகிய ஆண்டுகளில் வென்றார். ஆனால் உலகச் சாம்பியன் போட்டிகளில் தனியொருவர் படகில் இவரால் முன்னணி இடத்தைப் பிடிக்க முடியவில்லை. தன் விருப்பம் ஒரு பக்கமும் தன் வலிமை மறு பக்கமும் இருப்பதை உணர்ந்து, குழுப் படகுகளுக்கு மாறினார். இவருடைய வாழ்வின் முதல் பெரிய மாற்றம் இதுவே.

1984 லாஸ் ஏஞ்சலஸ்: முதல் தங்கம்

பயிற்சியாளர் மைக் ஸ்பிராக்லன் உருவாக்கிய, வழிநடத்துநருடன் கூடிய நால்வர் படகில் ரெட்கிரேவ் இடம்பெற்றார். மார்ட்டின் கிராஸ், ஆண்டி ஹோம்ஸ், ரிச்சர்டு பட்ஜெட் ஆகியோர் மற்ற மூவர். ஏட்ரியன் எலிசன் வழிநடத்துநர். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனி உள்ளிட்ட நட்பு நாடுகளும் புறக்கணித்திருந்தன. படகோட்டத்தில் வலுவான நாடுகள் சில வரவில்லை. எனினும் போட்டியை நடத்திய அமெரிக்காவின் படகு கடும் போட்டியளித்தது. கசிடாஸ் ஏரியில் நடந்த இறுதிப் போட்டியில் அமெரிக்கரை முந்தி பிரித்தானியர் வென்றனர். 1948-க்குப் பிறகு ஒலிம்பிக் படகோட்டத்தில் பிரித்தானியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் இது.

ஆண்டி ஹோம்சுடன் இணைந்த ஆண்டுகள்

1986-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் ஏற்று நடத்திய பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் ரெட்கிரேவ் மூன்று தங்கம் வென்றார். தனியொருவர் படகு, வழிநடத்துநர் இல்லாத இருவர் படகு, வழிநடத்துநருடன் கூடிய நால்வர் படகு என மூன்றும் தன்மையில் வேறுபட்டவை. அதே ஆண்டு நாட்டிங்காம் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஹோம்சுடன் சேர்ந்து, வழிநடத்துநருடன் கூடிய இருவர் படகில் தன் முதல் உலகத் தங்கத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு கோபன்கேகனில் வழிநடத்துநர் இல்லாத இருவர் படகில் இருவரும் வென்றனர்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் ரெட்கிரேவும் ஹோம்சும் இரு பிரிவுகளிலும் கலந்துகொள்ள முடிவு செய்தனர். முதற்சுற்று, அரையிறுதி, இறுதி என்று ஒவ்வொரு பிரிவிலும் பல முறை முழு ஆற்றலுடன் ஓட்ட வேண்டியிருந்ததால் இது துணிச்சலான முடிவு. வழிநடத்துநர் இல்லாத இருவர் படகில் ருமேனியரை வென்று தங்கம் பெற்றனர். பேட்ரிக் ஸ்வீனி வழிநடத்திய மற்றொரு பிரிவில், இத்தாலியின் அபக்னாலே சகோதரர்கள் தங்கம் வெல்ல, இவர்களுக்கு வெண்கலம் கிடைத்தது.

சியோலுக்குப் பின் ஹோம்ஸ் விலகினார். வெளியே ஒன்றாகப் பெயர் பெற்றாலும், இருவரும் நெருங்கிய நண்பர்களாக இருந்ததில்லை. படகில் மட்டுமே ஒத்திசைந்தவர்கள். ஹோம்ஸ் 2010-ஆம் ஆண்டு, நீரில் பரவும் எலிக் காய்ச்சல் நோயால் தம் 51-ஆம் வயதில் காலமானார்.

இதே காலத்தில் ரெட்கிரேவ் பனிச்சறுக்கு வண்டி ஓட்டத்திலும் ஈடுபட்டு, பிரித்தானியக் குழுவில் இடம்பெற்றார். ஆயினும் படகோட்டத்தையே தொடர்ந்தார்.

மத்தேயு பின்சென்ட்டுடன் கூட்டணி

1989-இல் சைமன் பெரிஸ்ஃபோர்டுடன் சேர்ந்து உலகச் சாம்பியன் போட்டியில் வெள்ளி வென்ற ரெட்கிரேவ், 1990-இல் புதிய துணை ஒருவருடன் களம் இறங்கினார். அவர் மத்தேயு பின்சென்ட். ரெட்கிரேவைவிட எட்டு வயது இளையவர். ஈட்டன் பள்ளியிலும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். அரசுப் பள்ளியிலிருந்து 16 வயதில் வெளியேறிய ஒருவரும், நாட்டின் மிகப் புகழ்பெற்ற கல்விக்கூடங்களில் பயின்ற ஒருவரும் ஒரே படகில் அமர்ந்தனர். முதல் ஆண்டில் கிடைத்தது வெண்கலம்தான்.

1991-இல் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த யூர்கன் குரோப்ளர் பிரித்தானியாவுக்கு வந்து இவர்களின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து, ஒலிம்பிக் நாளை நோக்கி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிடுவது அவர் முறை. குளிர்காலத்தில் நீண்ட தொலைவு, குறைந்த வேகம். போட்டிக் காலம் நெருங்கும்போது குறுகிய, கடுமையான ஓட்டங்கள். அதே ஆண்டு வியன்னாவில் ரெட்கிரேவும் பின்சென்ட்டும் உலகச் சாம்பியன் ஆயினர்.

1992-இல் முதல் பெரும் உடல்நலச் சிக்கல் வந்தது. ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்தபோது ரெட்கிரேவுக்குப் புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சி இருப்பது கண்டறியப்பட்டது. குடலின் உட்சுவரில் வீக்கமும் புண்ணும் உண்டாகி, வயிற்றுவலி, இரத்தப்போக்கு, களைப்பு ஆகியவற்றைத் தரும் நாட்பட்ட நோய் இது. உண்ட உணவு உடலில் ஒட்டாத நிலையில் கடும் பயிற்சியைத் தாங்குவது எளிதன்று. மருந்துகளால் நோய் கட்டுக்குள் வந்தது. பார்சிலோனா ஒலிம்பிக்கின் படகோட்டம் நடந்த பன்யோலஸ் ஏரியில் இவ்விருவரும் ஏறத்தாழ 5 நொடி இடைவெளியில் ஜெர்மானியரை வென்றனர். ரெட்கிரேவுக்கு இது மூன்றாம் தங்கம்.

1993, 1994, 1995 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இருவரும் உலகப் பட்டத்தைத் தக்கவைத்தனர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியர் மிக நெருங்கி வந்தனர். வித்தியாசம் ஒரு நொடிக்கும் குறைவு. அந்த ஒலிம்பிக்கில் பிரித்தானியா வென்ற ஒரே தங்கப் பதக்கம் இதுதான். எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து நாட்டுக்குக் கிடைத்த ஒற்றைத் தங்கம் என்பதால் இருவரின் புகழும் படகோட்ட வட்டத்தைத் தாண்டிப் பரவியது. 1992, 1996 ஆகிய இரு ஒலிம்பிக்குகளின் தொடக்க விழாவிலும் பிரித்தானியக் கொடியை ஏந்திச் சென்றவர் ரெட்கிரேவே.

ஓய்வு அறிவிப்பும் மனமாற்றமும்

அட்லாண்டாவில் வெற்றி பெற்ற சில நிமிடங்களில், களைப்பின் உச்சத்தில் இருந்த ரெட்கிரேவ் தொலைக்காட்சி நேர்காணலில், இனி யாராவது தன்னைப் படகின் அருகே பார்த்தால் சுட்டுவிடலாம் என்று கூறினார். அப்போது இவருக்கு வயது 34. எல்லோரும் இது ஓய்வு அறிவிப்பு என்றே எடுத்துக்கொண்டனர். ஆனால் சில மாதங்களில் இவர் மனம் மாறினார். சிட்னி வரை தொடர்வதாக அறிவித்தார்.

இம்முறை இருவர் படகு கைவிடப்பட்டது. ஒரே பிரிவில் ஆண்டுக்கணக்கில் வென்றபின் புதிய சவால் தேவைப்பட்டது. வழிநடத்துநர் இல்லாத நால்வர் படகு தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்சென்ட்டோடு ஜேம்ஸ் கிராக்னெல், டிம் ஃபாஸ்டர் ஆகியோர் இணைந்தனர். 1997-இல் பிரான்சில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் முதல் முயற்சியிலேயே தங்கம் கிடைத்தது.

நீரிழிவு

1997 நவம்பரில் ரெட்கிரேவுக்கு அடங்காத தாகம் ஏற்பட்டது. பரிசோதனையில் நீரிழிவு நோய் உறுதியானது. விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே இவர் முதலில் எண்ணினார். சிட்னி ஒலிம்பிக்குக்கு மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

இங்குள்ள மருத்துவச் சிக்கலைச் சற்று விளக்க வேண்டும். கடும் பயிற்சி செய்யும் படகோட்ட வீரர் ஒரு நாளில் சாதாரண மனிதரைவிட இரு மடங்குக்கும் மேலான உணவை உண்கிறார். அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. அதுவே தசைகளுக்கு எரிபொருள். நீரிழிவு நோயாளிக்கோ மாவுச்சத்தைக் குறைக்கும்படி அறிவுறுத்துவது வழக்கம். உணவைக் குறைத்தால் பயிற்சிக்குத் தெம்பு இருக்காது. குறைக்காவிட்டால் இரத்தச் சர்க்கரை ஏறும். இன்சுலின் செலுத்தினால் சர்க்கரை இறங்கும். ஆனால் அதே நேரம் உடற்பயிற்சியும் சர்க்கரையை இறக்குவதால், அளவு சற்றுக் கூடினாலும் சர்க்கரை மிகத் தாழ்ந்து, மயக்கமும் நடுக்கமும் வரக்கூடும். படகின் நடுவே, போட்டியின் நடுவே அப்படி நேர்ந்தால் நால்வரின் உழைப்பும் வீணாகும்.

இவருக்குச் சிகிச்சை அளித்த நீரிழிவு மருத்துவர், விளையாட்டைக் கைவிடத் தேவையில்லை என்று ஊக்கம் அளித்தார். உணவு முறையை நோய்க்கு ஏற்ப மாற்றாமல், இவருடைய உணவுக்கும் பயிற்சிக்கும் ஏற்ப இன்சுலின் அளவை மாற்றியமைப்பது என்ற வழி பின்பற்றப்பட்டது. ரெட்கிரேவ் நாளுக்குப் பல முறை விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையை அளந்தார். பல முறை இன்சுலின் செலுத்திக்கொண்டார். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. சில நாட்களில் பயிற்சியில் மற்ற மூவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். நோயோடு தான் வாழப் பழகுவதைவிட, நோய் தன்னோடு வாழப் பழகட்டும் என்ற பொருளில் இவர் பிற்காலத்தில் பல முறை பேசியுள்ளார். இவருடைய மனைவி ஆன் ஒரு மருத்துவர். 1984 ஒலிம்பிக்கில் பிரித்தானியப் பெண்கள் எண்மர் படகில் பங்கேற்றவர். பின்னர் பிரித்தானியப் படகோட்ட அணியின் மருத்துவராகவும் பணியாற்றினார்.

சிட்னியை நோக்கி

நால்வர் அணி 1998-இல் கொலோன் நகரிலும் உலகத் தங்கம் வென்றது. 1999-இல் ஃபாஸ்டருக்கு முதுகுப் பிரச்சினை ஏற்பட, அவருக்குப் பதிலாக எட் கூட் சேர்க்கப்பட்டார். அந்த ஆண்டு கனடாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கூட் இடம்பெற்ற அணியே வென்றது. ஆயினும் ஃபாஸ்டர் உடல்நலம் தேறித் திரும்பியதும், அவருடைய நுட்பம் படகின் ஓட்டத்தைச் சீராக்குகிறது என்று கருதி, குரோப்ளர் அவரையே ஒலிம்பிக் அணிக்குத் தேர்ந்தெடுத்தார். உலகச் சாம்பியனாக இருந்தும் கூட் இடத்தை இழந்தார். அவர் சிட்னியில் இருவர் படகில் போட்டியிட்டு நான்காம் இடம் பெற்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நால்வர் படகில் தங்கம் வென்று அந்த இழப்பை ஈடு செய்தார்.

2000-ஆம் ஆண்டுக் கோடையில், சிட்னிக்குச் சில வாரங்களே இருந்தபோது, சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இந்த அணி நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ரெட்கிரேவின் வயதும் நோயும் படகைப் பின்னுக்கு இழுக்கின்றனவா என்ற கேள்வி எழுந்தது. வீரர்களே படமெடுத்த காணொளிக் குறிப்புகளைக் கொண்டு பிபிசி 'கோல்டு ஃபீவர்' என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. தோல்விக்குப் பின் அணியில் நிலவிய ஐயமும் இறுக்கமும் அதில் வெளிப்படையாகப் பதிவாகியுள்ளன.

ஐந்தாம் தங்கம்

சிட்னிக்கு மேற்கே பென்ரித்தில் உள்ள படகோட்ட மையத்தில் 2000 செப்டம்பர் 23 அன்று காலை இறுதிப் போட்டி நடந்தது. பிரித்தானியாவில் அப்போது நள்ளிரவு. அந்நேரத்திலும் பல இலட்சம் பேர் விழித்திருந்து தொலைக்காட்சியில் பார்த்தனர்.

பிரித்தானியப் படகு தொடக்கத்திலேயே முன்னிலை பெற்றது. கடைசி 500 மீட்டரில் இத்தாலியப் படகு வேகமெடுத்து, ஒவ்வொரு வலிக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. பிரித்தானியர் 5 நிமிடம் 56.24 நொடியில் எல்லைக்கோட்டைக் கடந்தனர். இத்தாலியர் 5 நிமிடம் 56.62 நொடியில். வித்தியாசம் 0.38 நொடி. அந்த வேகத்தில் இது ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவு. நால்வர் படகின் நீளமோ 12 மீட்டருக்கும் கூடுதல். ஆஸ்திரேலியா மூன்றாம் இடம் பெற்றது.

போட்டி முடிந்ததும் பின்சென்ட் தன் இருக்கையிலிருந்து எழுந்து, இடையில் இருந்த ஃபாஸ்டரைத் தாண்டி வந்து ரெட்கிரேவைக் கட்டித் தழுவி, நிலை தவறி நீரில் விழுந்தார். பத்து ஆண்டுகள் ஒன்றாகத் துடுப்பு வலித்த இருவரின் அந்தக் காட்சி பிரித்தானிய விளையாட்டு வரலாற்றில் நிலைத்துவிட்டது. அந்த ஆண்டின் இறுதியில் ரெட்கிரேவ் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். இம்முறை மனம் மாறவில்லை.

சாதனையின் இடம்

எண்ணிக்கையில் ரெட்கிரேவை விஞ்சியவர்கள் உள்ளனர். அங்கேரிய வாள்வீச்சு வீரர் அலதார் கெரெவிச் ஆறு ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். படகோட்டத்திலேயே ருமேனியாவின் எலிசபெத்தா லிப்பா ஐந்து தங்கம் வென்றுள்ளார். ஆனால் 1988-இல் அவருக்குத் தங்கம் கிடைக்காததால் அவை தொடர்ச்சியானவை அல்ல. இதயமும் நுரையீரலும் வயதோடு திறன் குறையும். அத்திறனையே முதன்மையாக நம்பும் ஒரு விளையாட்டில், 22 வயதிலும் 38 வயதிலும் ஒரே மேடையின் உச்சியில் நின்றதே இவருடைய சாதனையின் தனிச்சிறப்பு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இவருடைய ஐந்து தங்கங்களில் ஒன்றுகூடத் தனியாக வென்றதல்ல. தனியொருவர் படகில் உலகை வெல்ல விரும்பியவர், இறுதியில் பிறரோடு இணைந்து வலிப்பதில் சிறந்தவராக அறியப்பட்டார்.

ஓய்வுக்குப் பின்

ரெட்கிரேவுக்கு 1987-இல் எம்பிஇ, 1997-இல் சிபிஇ ஆகிய அரசு விருதுகள் வழங்கப்பட்டிருந்தன. 2001 புத்தாண்டு விருதுப் பட்டியலில் 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டுக்கான பிபிசியின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதையும், 2011-இல் அதே நிறுவனத்தின் வாழ்நாள் சாதனையாளர் விருதையும் பெற்றார். மார்லோவில் தேம்ஸ் கரையோரப் பூங்காவில் இவருக்குச் சிலை உள்ளது. அதை 2002-இல் அரசி இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார். பிரித்தானிய அணி பயிற்சி பெறும் கேவர்ஷம் ஏரி 'ரெட்கிரேவ் பின்சென்ட் படகோட்ட ஏரி' என்று பெயரிடப்பட்டுள்ளது.

அறப்பணிகளுக்கு நிதி திரட்ட லண்டன் மாரத்தான் ஓட்டங்களில் கலந்துகொண்டார். நீரிழிவு பற்றிய விழிப்புணர்வுக்காகவும் தொடர்ந்து பேசி வருகிறார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சுடரை அரங்குக்குள் கொண்டுவந்தவர் இவர். கொப்பரையை இவரே ஏற்றுவார் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால் சுடர் ஏழு இளம் விளையாட்டு வீரர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களே கொப்பரையை ஏற்றினர்.

இளமையில் தான் கோப்பை வென்ற ஹென்லி அரச படகுப் போட்டியின் நிர்வாகக் குழுவுக்குப் பின்னர் தலைவரானார். 2018-இல் சீனப் படகோட்டச் சங்கத்தின் உயர்திறன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனா பெண்கள் நால்வர் இரட்டைத்துடுப்புப் பிரிவில் ஒரு தங்கமும், பிற பிரிவுகளில் இரு வெண்கலமும் வென்றது.

ஒலிம்பிக் பதக்கங்கள்

1984 லாஸ் ஏஞ்சலஸ் – தங்கம் – வழிநடத்துநருடன் கூடிய நால்வர் படகு
1988 சியோல் – தங்கம் – வழிநடத்துநர் இல்லாத இருவர் படகு
1988 சியோல் – வெண்கலம் – வழிநடத்துநருடன் கூடிய இருவர் படகு
1992 பார்சிலோனா – தங்கம் – வழிநடத்துநர் இல்லாத இருவர் படகு
1996 அட்லாண்டா – தங்கம் – வழிநடத்துநர் இல்லாத இருவர் படகு
2000 சிட்னி – தங்கம் – வழிநடத்துநர் இல்லாத நால்வர் படகு

உலகச் சாம்பியன் போட்டித் தங்கங்கள்

1986 – வழிநடத்துநருடன் கூடிய இருவர் படகு
1987, 1991, 1993, 1994, 1995 – வழிநடத்துநர் இல்லாத இருவர் படகு
1997, 1998, 1999 – வழிநடத்துநர் இல்லாத நால்வர் படகு